கேஸ் டேங்க் புகையடுப்பான கதை

அறுக்கும் முன்னால் தண்ணீர் நிரப்ப வேண்டும். பக்கத்து வீட்டுப் பெரியவர் சொன்ன முதல் விதி இதுதான். அவருடைய கொட்டகைக்குப் பின்னால் புல்லுக்குள் பல வருடமாகப் படுத்துக் கிடந்தது அந்த 250 காலன் புரொப்பேன் டேங்க். முள் பூஜ்யத்தில் நின்றது. வால்வைத் திறந்தால் சீறல் இல்லை. கழற்ற வேண்டியதையெல்லாம் கழற்றிவிட்டு, தோட்டத்துத் தண்ணீர்க் குழாயை மேல் ஓட்டையில் செருகினோம். ஏறக்குறைய 950 லிட்டர் தண்ணீர், முக்கால் மணி நேரம் ஓடியது. நிரம்பி வழியும் நேரத்தில் ஓட்டையிலிருந்து ஒரு வாடை கிளம்பியது. அழுகிய முட்டைக்கோஸும் பூண்டும் கலந்த வாடை. கேஸெல்லாம் என்றோ தீர்ந்துவிட்டது என்று நாங்கள் நம்பிக்கொண்டிருந்த டேங்க்கிலிருந்துதான் வந்தது.

பெரியவர் என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. கிரைண்டரின் ஒயர் பிளக்கிலிருந்து கழன்றிருக்கிறதா என்று மட்டும் இன்னொரு முறை போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

புரொப்பேன் ஆவி காற்றைவிட ஒன்றரை மடங்கு கனமானது. வால்வைத் திறந்துவைத்தால் மேலே பறந்துபோய்விடும் என்று நினைப்பது தவறு. டேங்க்கின் அடியில் குளத்துத் தண்ணீர் போலத் தேங்கி நிற்கும். காற்றோடு கலந்து நூற்றில் இரண்டு பங்கிலிருந்து ஒன்பது பங்குக்குச் சற்று மேல் வரை இருந்தால் ஒரு பொறி போதும். நிறைய கேஸ் இருக்கும் டேங்க்கைவிடக் காலி டேங்க்கை வெல்டர்கள் அதிகம் அஞ்சுவது இதனால்தான். தண்ணீர் அந்த ஆவியைக் கீழிருந்து தள்ளி வெளியேற்றிவிடுகிறது. நாங்கள் ஒரு முறை வெறும் தண்ணீர், ஒரு முறை சோப்புத் தண்ணீர் என்று இரண்டு தடவை நிரப்பி, வடித்து, எல்லா வாயையும் திறந்துபோட்டு ஒரு ராத்திரி விட்டோம்.

அந்த வாடையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். புரொப்பேனுக்குச் சொந்த மணம் கிடையாது. இயற்கை வாயுவுக்கும் கிடையாது. கசிந்தால் மூக்குக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக மெர்கேப்டன் என்ற கந்தகச் சேர்மத்தைத் துளியளவு கலக்கிறார்கள். நம் சமையலறை சிலிண்டரில் வரும் வாடையும் அதுவே. நாங்கள் இருக்கும் டெக்சாஸில் இது சட்டமானதற்குப் பின்னால் பெரும் துயரம் ஒன்று இருக்கிறது. 1937 மார்ச் 18 அன்று, கிழக்கு டெக்சாஸில் நியூ லண்டன் என்ற ஊரின் பள்ளிக்கூடத்துக்குக் கீழே மணமில்லாத வாயு கசிந்து தேங்கி வெடித்தது. ஏறத்தாழ 300 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் குழந்தைகள். பள்ளியைச் சூடாக்க எண்ணெய் வயலில் மிஞ்சிய வாயுவைத்தான் குழாயில் கொண்டுவந்திருந்தார்கள். அந்த ஆண்டே மணமூட்ட வேண்டும் என்று மாநிலம் சட்டம் போட்டது. எங்கள் டேங்க் விட்ட கடைசி மூச்சு அந்தச் சட்டத்தின் வாடைதான். அதை நுகர்ந்துவிட்டு யாரும் அவசரப்பட்டு அறுக்க மாட்டார்கள்.

ஆஸ்டினுக்கு வடகிழக்கே, கேஸ் குழாய் வராத ஒரு கிராமத்தின் ஓரத்தில் எங்கள் வீடு. இந்தப் பக்கம் வீட்டுக்கு வீடு பின்புறத்தில் வெள்ளையாகவோ வெள்ளி நிறத்திலோ ஒரு டேங்க் படுத்திருக்கும். வெயிலைத் திருப்பி அனுப்பத்தான் அந்த நிறம். குளிருக்கும் சமையலுக்கும் வெந்நீருக்கும் அதிலிருந்துதான் கேஸ். 250 காலன் டேங்க்கில் எண்பது சதவீதம்தான் நிரப்புவார்கள். அதுவே நம் ஊர் 14.2 கிலோ சிலிண்டர் 27 சேர்ந்தாற்போல இருக்கும். மேலே ஒரு சிறு தகடு பொருத்தியிருப்பார்கள். செய்த ஆண்டு, கொள்ளளவு, தாங்கும் அழுத்தம் எல்லாம் அதில் பொறித்திருக்கும். எங்களுடையதில் 250 பி.எஸ்.ஐ. என்று இருந்தது. கார் டயரில் நாம் அடிக்கும் காற்றைப்போல எட்டு மடங்கு.

இந்த எண்ணில்தான் என் கதையின் பாதி இருக்கிறது. அவ்வளவு அழுத்தத்தைத் தாங்க வேண்டுமென்றால் தகடு கனமாக இருக்க வேண்டும். பழைய டேங்க்குகளில் கால் அங்குலத்தை ஒட்டி இருக்கும். தட்டையான மூடி அழுத்தத்தில் புடைத்துக்கொள்ளும் என்பதால் இரண்டு முனையும் குவிந்து, சட்டியைக் கவிழ்த்தது போல இருக்க வேண்டும். வாயுவை அடைத்துவைக்கச் செய்த இந்த இரண்டு ஏற்பாடும் இறைச்சியைப் புகையில் வேகவைக்கும் புகையடுப்புக்கும் அப்படியே பொருந்திவிட்டன. கனமான இரும்பு ஒரு முறை சூடேறினால் சீக்கிரம் ஆறாது. கதவைத் திறந்து மூடினாலும் சில நிமிடத்தில் பழைய சூட்டுக்கு வந்துவிடும். குவிந்த முனையில் மூலை இல்லை. புகை எங்கும் முட்டி நிற்காமல் வளைந்து வழுக்கிக்கொண்டு போகும். இறைச்சியை மனதில் வைத்து யாரும் அந்த வளைவை வரையவில்லை. ஆனாலும் இறைச்சிக்கென்றே செய்ததுபோல அமைந்துவிட்டது. பத்து வருடமாக இதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், இன்னும் எனக்கு வியப்பு அடங்கவில்லை.

புரொப்பேன் என்ற எரிபொருளே நூறு ஆண்டுக் கதைதான். அமெரிக்காவில் கார்கள் பெருகத் தொடங்கிய காலத்தில், பெட்ரோல் வைத்த இடத்திலிருந்து ஆவியாகிப் போய்க்கொண்டே இருந்தது. ஏன் என்று ஆராய்ந்தவர் அரசாங்கச் சுரங்கத் துறையில் வேலை பார்த்த வால்டர் ஸ்னெல்லிங் என்ற வேதியியலாளர். தப்பித்துப் போனவற்றில் ஒன்று புரொப்பேன். அதைப் பிரித்து, அழுத்தி, திரவமாக்கி அடைத்துவைக்கும் வழிக்கு 1913-ல் காப்புரிமை வாங்கினார். மைனஸ் 42 டிகிரியிலேயே கொதித்துவிடும் திரவம் அது. அதை வீட்டுப் புழக்கடையில் வைக்க வேண்டும் என்ற தேவையிலிருந்துதான் இந்தக் கனத்த டேங்க் பிறந்தது.

புகையடுப்பின் வேர் இதற்கும் வெகு முன்னால் போகிறது. பார்பிக்யூ என்ற சொல், கரீபியத் தீவுகளின் தைனோ மக்கள் நெருப்புக்கு மேல் கட்டிய குச்சிப் பரணிலிருந்து, 'பார்பக்கோவா' என்று ஸ்பானியர் வாய்வழியாக வந்தது. அமெரிக்காவின் தென்மாநிலங்களில் அது மண்ணில் வெட்டிய நீள் குழியானது. குழி வெட்டியதும், விறகு எரித்துக் கங்கை அள்ளி அள்ளித் தள்ளியதும், ராத்திரி முழுக்கக் கண்விழித்துக் கறியைப் புரட்டியதும் அடிமைப்பட்டிருந்த ஆப்பிரிக்க மக்கள். பெயர் வாங்கிக்கொண்டவர்கள் விருந்து வைத்த பண்ணையார்கள். 1865 ஜூன் 19 அன்று கால்வெஸ்டன் துறைமுகத்தில் விடுதலை அறிவிப்பு வாசிக்கப்பட்ட பிறகு, ஆண்டுதோறும் அந்த நாளை டெக்சாஸின் கறுப்பின மக்கள் கொண்டாடியபோது அதே குழியும் அதே கைப்பக்குவமும் அவர்களுடைய சொந்த விருந்துக்கு வந்தன. டெக்சாஸ் பார்பிக்யூ என்று இன்று உலகம் முழுக்கப் பேசும்போது இந்தப் பக்கத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். தாண்டிப் போகக் கூடாது.

குழியிலிருந்து நெருப்பு தரைக்கு மேலே ஏறியது நடு டெக்சாஸின் கறிக்கடைகளில். பத்தொன்பதாம் நூற்றாண்டில் குடியேறிய ஜெர்மானியரும் செக் மக்களும் லாக்ஹார்ட், எல்ஜின், டெய்லர் போன்ற ஊர்களில் கறிக்கடை வைத்தார்கள். விற்காமல் நின்ற இறைச்சி கெட்டுப்போகாமல் இருக்கக் கடைக்குப் பின்னாலேயே புகைபோட்டார்கள். பருத்தி பறிக்க வந்த கூலிக்காரர்கள் அதைக் காகிதத்தில் வாங்கி நின்றுகொண்டே சாப்பிட்டார்கள். லாக்ஹார்ட்டில் 1900-ல் தொடங்கிய க்ரூட்ஸ் மார்க்கெட் அப்படி வந்ததுதான். அதன் பழைய கட்டடத்தில் இன்று ஸ்மிட்டீஸ் என்ற கடை நடக்கிறது. அங்கே போனால் இடுப்புயரத்தில் நீளமான செங்கல் அடுப்பைப் பார்க்கலாம். விறகு எரிவது அடுப்புக்கு வெளியே, ஒரு முனையில், வெறும் தரைமேல். புகைபோக்கி மறுமுனையில். நடுவில் கறி. நெருப்பின் சூடும் புகையும் கறிக்கு மேலாக இழுபட்டு மறுபக்கம் போகின்றன. உருகிச் சொட்டும் கொழுப்பு நெருப்பில் விழுவதே இல்லை.

நெருப்பு ஒரு பக்கம், கறி ஒரு பக்கம் என்ற அந்த ஏற்பாடுதான் இன்றைய இரும்புப் புகையடுப்பின் உயிர். இரும்பு அடுப்பு செய்தவர்கள் செங்கல்லிடமிருந்து கற்றுக்கொண்டார்கள் என்று நான் நினைக்கிறேன். இரண்டையும் ஒரே நாளில் அடுத்தடுத்துப் பார்க்கிற யாருக்கும் அது தோன்றும். ஆனால் செங்கல்லைப் பெயர்த்துக்கொண்டு போக முடியாது. 1999-ல் க்ரூட்ஸ் மார்க்கெட் புதுக் கட்டடத்துக்குப் போனபோது பழைய அடுப்பின் கங்கை ஒரு தகரத் தொட்டியில் போட்டுத் தெருவழியே இழுத்துப்போய்ப் புது அடுப்பைப் பற்றவைத்தார்கள். நெருப்பைத்தான் கொண்டுபோக முடிந்தது.

இடம் பெயரும் அடுப்பு வேண்டுமென்றால் இரும்பு வேண்டும். டெக்சாஸில் இரும்புக்கும் அதை ஒட்டவைக்கும் கைக்கும் பஞ்சமில்லாமல் போனது எண்ணெயால். 1901 ஜனவரி 10 அன்று போமாண்ட் ஊருக்கு அருகே ஸ்பிண்டில்டாப் மேட்டில் எண்ணெய் பீறிட்டது. அதற்குப் பிறகு கிணறுகள், குழாய்கள், சுத்திகரிப்பு ஆலைகள். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் நீர்மூழ்கிகள் எண்ணெய்க் கப்பல்களை மூழ்கடித்தபோது, கிழக்கு டெக்சாஸிலிருந்து கிழக்குக் கரைவரை 1942-43-ல் பிக் இஞ்ச் என்ற குழாயைப் போட்டார்கள். ஏறக்குறைய 2,000 கிலோமீட்டர். அதன் விட்டம் 24 அங்குலம். கூடவே போன தம்பிக் குழாய் 20 அங்குலம். இன்றைக்கு வீட்டுப் புகையடுப்பு வாங்கப் போகிறவரிடம் கடைக்காரர் கேட்கும் கேள்வி, "இருபதா, இருபத்துநாலா?" என்பதுதான். எண்ணெய்க் குழாயின் அளவுகள் அடுப்பின் அளவுகளாகவே ஊன்றிவிட்டன.

ஆகவே இந்த அடுப்புக்கு ஒரு கண்டுபிடிப்பாளர் பெயர் சொல்ல முடியாது. வேலை முடிந்து மீந்த குழாய்த் துண்டை வீட்டுக்கு எடுத்துவந்து, சனி ஞாயிறில் கதவு வெட்டி, பக்கத்தில் ஒரு சிறு குழாயை நெருப்புக்காக ஒட்டவைத்த பெயர் தெரியாத வெல்டர்கள் பலர். 1974-ல் ஹூஸ்டன் கால்நடைக் கண்காட்சியில் பார்பிக்யூ போட்டி தொடங்கியது. போட்டிக்கு அடுப்பையே சக்கரத்தில் ஏற்றிக்கொண்டு வர வேண்டியிருந்ததால் இரும்புக்கு மவுசு கூடியது. 1983-ல் ஹூஸ்டனில் பிட்ஸ் அண்ட் ஸ்பிட்ஸ் என்ற பட்டறை இதைத் தொழிலாகச் செய்யத் தொடங்கியது. 1987-ல் ஒக்லஹோமா மாநிலத்தின் ஸ்டில்வாட்டரில் ஜோ டேவிட்சன் தொடங்கிய ஒக்லஹோமா ஜோஸ், பக்கவாட்டில் நெருப்பறை வைத்த அடுப்பை சாதாரண வீடுகளுக்குக் கொண்டுபோனது.

அந்த வருடங்களுக்கு நடுவில் 1986 வருகிறது. எண்ணெய் விலை சரிந்து பீப்பாய் பத்து டாலரை ஒட்டி வந்த வருடம். எங்கள் பெரியவர் அப்போது குழாய்ப் பாதையில் வெல்டர். வெள்ளிக்கிழமை வரை வேலை பார்த்தார், திங்கட்கிழமை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். கடைசி இரண்டு வாரக் கூலி வரவே இல்லை. சைட்டில் கிடந்த குழாய்த் துண்டுகளை வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார் மேஸ்திரி. இதைச் சொல்லும்போது அவர் குரலில் இப்போதும் ஒரு கரகரப்பு. "வேலை இல்லை, குழாய் இருந்தது, நேரம் இருந்தது" என்றார். அந்த வருடம் ஏழு புகையடுப்பு செய்து விற்று வீட்டு வாடகை கட்டியிருக்கிறார்.

குழாயைவிட டேங்க் எப்படி விருப்பமானது என்று கேட்டேன். குழாய்க்கு இரண்டு பக்கமும் தட்டையான தகடு வெட்டி ஒட்ட வேண்டும், டேங்க் மூடியோடு வருகிறது என்றார். இன்னொன்று, குழாய் விலை ஏறிக்கொண்டே போனது, பழைய டேங்க் மலிவு. அந்தப் பெயர்த் தகடு துருவேறிப் படிக்க முடியாமல் போய்விட்டாலே கேஸ் நிரப்புகிறவர்கள் தொட மாட்டார்கள். டேங்க் உறுதியாக இருந்தாலும் பழைய இரும்புக் கடைக்குத்தான் போக வேண்டும். புகையடுப்புக்காரர்களுக்கு அது போதும்.

பிறகு ஆஸ்டினில் ஏரன் ஃபிராங்க்ளின் வந்தார். 2009-ல் நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு பழைய டிரெய்லர் வண்டியில் கடை போட்டவர். 2011-ல் கட்டடத்துக்குப் போனார். விடிவதற்கு முன்பே வரிசை நிற்கும் கடையாகிவிட்டது. 1,000 காலன் டேங்க்கை அறுத்துத் தன் கையாலேயே அடுப்பு செய்துகொண்டார். 2015-ல் வந்த அவருடைய புத்தகத்தில் சமையல் குறிப்பைவிட விறகையும் புகையையும் அடுப்பு கட்டுவதையும் பற்றித்தான் அதிகம். ஜேம்ஸ் பியர்ட் விருதும் அதே ஆண்டில் கிடைத்தது. அதன் பிறகு பழைய டேங்க் பழைய இரும்பு விலைக்குக் கிடைப்பது நின்றுபோனது. 2017 ஆகஸ்டில் ஹார்வி புயல் காற்றில் அடுப்புக் கங்கு பறந்து அவருடைய அடுப்பறையே எரிந்தது. சில மாதத்தில் மீண்டும் திறந்தார். நெருப்போடு பிழைக்கிறவர்களுக்கு நெருப்பு எப்போதும் அடங்கிய பிராணி இல்லை.

இனி எங்கள் டேங்க்.

கதவு வெட்டும் வேலையைத்தான் நான் மறக்க மாட்டேன். சாக்பீஸால் செவ்வகம் வரைந்தாயிற்று. நான் நாலு பக்கமும் அறுத்துவிட்டுப் பிறகு கீல் வைக்கலாம் என்று நினைத்தேன். பெரியவர் தலையை ஆட்டினார். உருட்டி வளைத்த தகட்டுக்குள் அந்த வளைப்பின் விசை இன்னும் அடங்கிக் கிடக்கிறது. முழுக்க அறுத்தால் கதவு விரிந்துகொள்ளும், டேங்க்கும் வாய் கோணும், பிறகு இரண்டும் பொருந்தவே பொருந்தாது. அவர் மேல் விளிம்பை மட்டும் அறுத்தார். அறுத்த கோட்டின்மேல் கீல்களை வைத்து டேக் போட்டு, முழு வெல்டும் ஓட்டினார். பிறகு இரண்டு பக்கம், கடைசியாக அடி விளிம்பு. அடியில் கடைசி அங்குலம் அறுபட்டபோது 'டங்' என்று கோவில் மணி போல ஒரு சத்தம் கேட்டு, கதவு ஒரு நூல் அளவு முன்னால் துள்ளியது. இத்தனை வருடம் உள்ளே அடைபட்டிருந்த விசை அது. ஓரங்களில் பட்டைக் கம்பி ஒட்டி இடைவெளியை மூடினோம்.

நெருப்பறைக்கு அவரிடமிருந்த 24 அங்குலக் குழாய். 42 அங்குல நீளம் வெட்டினால் அதன் கொள்ளளவு டேங்க்கில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வரும். கட்டுகிறவர்கள் காலங்காலமாகக் கையாளும் விகிதம் அது. இதற்குக் குறைந்தால் விறகை அடைத்து அடைத்துப் போட வேண்டிவரும், அடைத்த விறகு மூச்சுமுட்டும். நெருப்பறையும் டேங்க்கும் சேரும் இடத்தில் பிறை வடிவில் ஒரு வாய். மறுமுனையில் கறி வைக்கும் கம்பித் தட்டின் உயரத்தில் புகைபோக்கி. கம்பித் தட்டுக்குத் துத்தநாகம் பூசிய வலை எடுக்கக் கூடாது, சூட்டில் அந்தப் பூச்சு நஞ்சுப் புகை விடும். வெறும் இரும்பு வலைதான்.

பழைய பெயின்ட் எரிந்து உதிர ஒரு நாள் முழுக்கக் கடும் நெருப்பு போட்டோம். பிறகு உரசிக் கழுவி, உள்ளே எண்ணெய் தடவி, நாலைந்து மணி நேரம் மெதுவாக எரியவிட்டோம். தோசைக்கல்லைப் பழக்குவது போல. எண்ணெய் இரும்போடு சேர்ந்து கறுத்துப் பளபளவென்று படிந்துவிட்டது.

முதல் சமையல் கெட்டுப்போனது. ஆறு கிலோ பிரிஸ்கெட், மாட்டின் நெஞ்சுக்கறி. பன்னிரண்டு மணி நேரம் விழித்துக் கிடந்தோம். வெட்டி வாயில் வைத்தால் வேப்பங்கொட்டை. நாக்கு மரத்துப்போனது. விறகு ஈரமோ என்று வேறு விறகு வாங்கினேன். இரண்டாவது முறையும் அதே கசப்பு.

அந்தச் சமயத்தில் அப்பா ஊரிலிருந்து வந்திருந்தார். ராமநாதபுரம் பக்கம், கரிமூட்டம் போட்ட கை. வந்த முதல் வாரமே வேலியோரத்து மெஸ்கீட் மரத்தின் முள்ளையும் காயையும் பார்த்துவிட்டு, "ஏப்பா, நம்ம கருவ மரம் இங்க எப்படி வந்துச்சு?" என்று கேட்டார். ஊரிலிருந்து இங்கே வரவில்லை. அமெரிக்கக் கண்டத்து மரம்தான் அங்கே போனது. டெக்சாஸின் மெஸ்கீட்டும் நம் சீமைக்கருவேலமும் புரோசோபிஸ் என்று நெடுங்காலம் அழைக்கப்பட்ட ஒரே பேரினத்தில் பிறந்த பங்காளிகள். மேற்கு டெக்சாஸில் மெஸ்கீட் கங்குக்கு நேர் மேலே கறி சுடுவார்கள். நீண்ட நேரப் புகைக்கு அதன் காரம் அதிகம் என்று நடு டெக்சாஸில் போஸ்ட் ஓக் மரத்தையே எரிப்பார்கள்.

மூன்றாவது முறை நெருப்பு போட்டபோது அப்பா நாற்காலியைப் போட்டுப் புகைபோக்கிக்கு எதிரே உட்கார்ந்தார். அடுப்பைப் பார்க்கவில்லை. புகையையே பார்த்துக்கொண்டிருந்தார். வெள்ளையாக, பஞ்சு பஞ்சாக, சோம்பலாக வந்துகொண்டிருந்தது.

"இது மூட்டம் மாதிரில்ல மூச்சு முட்டுது" என்றார். "மூட்டத்துக்கு நாமளே மண்ணு போட்டு மூச்ச அடைப்போம். அப்பத்தான் வெறகு எரியாமக் கரியாகும். ஒனக்கு வெறகு எரியணுமா, கரியாகணுமா?"

"எரியணும்ப்பா."

"அப்ப அந்தக் கொழலு பத்தாது."

பெரியவரிடம் மொழிபெயர்த்துச் சொன்னேன். அவர் எழுந்து போய் அளவு நாடாவை எடுத்துவந்தார். கையில் இருந்தது என்பதற்காக நாலு அங்குலக் குழாயைப் புகைபோக்கியாக வைத்திருந்தோம். ஆறு அங்குலம் வேண்டிய இடம். ஆறு அங்குலக் குழாயின் வாய் நாலு அங்குலத்தைப் போல இரண்டேகால் மடங்கு. சூடான காற்று மேலே ஏறும்போதுதான் நெருப்பறையின் கதவு வழியே புதுக் காற்றை இழுத்துக்கொண்டு வரும். வெளியே போகும் வழி குறுகினால் உள்ளே வரும் காற்றும் குறையும். விறகு முழுக்க எரியாமல் புகையும். அந்தக் கனத்த வெள்ளைப் புகையில்தான் கசப்பு. மறுநாள் அறுத்து எடுத்துவிட்டு ஆறு அங்குலக் குழாயை, நீளத்தையும் கூட்டி, ஒட்டினார் பெரியவர்.

பற்றவைத்த அரை மணி நேரத்தில் புகை கண்ணுக்குத் தெரியாமல் போனது. பின்னால் கரிய மரங்கள் இருந்த இடத்தில் மட்டும் லேசான நீலமாகத் தெரிந்தது. மூட்டத்தில் புகை வெள்ளையிலிருந்து நீலத்துக்கு மாறினால் கரி விளைந்துவிட்டது, ஓட்டையை அடைக்க வேண்டிய நேரம் என்று அர்த்தமாம். அப்பாவுக்குக் கை பரபரத்தது. இங்கே அந்த நீலத்தைப் பன்னிரண்டு மணி நேரம் அப்படியே வைத்திருக்க வேண்டும் என்று சொன்னதும் நாற்காலியை இன்னும் அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

நல்ல நெருப்பில் மரம் முறையாக எரியும்போதுதான் அதன் லிக்னின் என்ற பகுதி உடைந்து குவாயகால், சிரிங்கால் போன்ற மணப்பொருள்கள் பிறக்கின்றன. புகையின் சுவையும் வாசமும் அவைதான். கறிக்குள்ளே நடப்பது வேறு. நெஞ்சுக்கறி மாட்டின் பாரத்தைச் சுமக்கும் தசை, நாரும் சவ்வும் மிகுந்தது. 120-லிருந்து 135 டிகிரிச் சூட்டில் மணிக்கணக்காகக் கிடந்தால்தான் அந்தச் சவ்வு இளகிப் பசையாகும். ஆட்டுக்கால் சூப் ஆறியதும் உதட்டில் ஒட்டுமே, அந்தப் பசை. கறியின் உட்சூடு 70 டிகிரியை ஒட்டி வந்ததும் ஏறாமல் நின்றுவிடும். இரண்டு மணி, மூன்று மணி நேரம்கூட நிற்கும். புதியவர்கள் பயந்து விறகைத் திணிப்பது அப்போதுதான். கறி வியர்க்கிறது, வியர்வை ஆவியாகும்போது கறியைக் குளிர்விக்கிறது. மண்பானை தண்ணீரைக் குளிரவைக்கும் அதே வழி. ஈரம் வற்றியதும் தானாக ஏறும். காத்திருக்கத்தான் வேண்டும்.

அந்த ராத்திரி நாங்கள் மூவரும் காத்திருந்தோம். நாற்பது நிமிடத்துக்கு ஒரு விறகு. முந்தைய விறகு கங்காகி நொறுங்கும் முன்பே அடுத்ததை நெருப்பறையின் மேல் வைத்துச் சூடாக்கி வைத்திருப்பார் பெரியவர், உள்ளே போட்டதும் புகையாமல் உடனே பற்றிக்கொள்ள. அவருக்கும் அப்பாவுக்கும் பொதுவாக ஒரு மொழி கிடையாது. அப்பா புகைபோக்கியைக் காட்டி விரலை ஆட்டுவார், பெரியவர் போய்க் காற்றுக் கதவை ஒரு விரற்கடை திறப்பார். மூன்று மணிக்கு நான் தூங்கிப்போனேன். கண் விழித்தபோது இருவரும் அதே இடத்தில் இருந்தார்கள்.

காலை ஒன்பது மணிக்குக் கறியை இறக்கினோம். வெளியே கரிக்கட்டை போலக் கறுத்து, ஆட்டினால் உள்ளே தளதளத்தது. வெட்டிய துண்டின் ஓரத்தில் இளஞ்சிவப்பாக ஒரு வளையம், புகையின் வாயுக்கள் கறியின் நிறப்பொருளோடு சேர்ந்து உண்டாக்கியது. பெரியவர் ஒரு துண்டை விரலில் தொங்கவிட்டுப் பார்த்தார். அறுந்து விழவில்லை. இரண்டு பக்கமும் மெல்ல இழுத்ததும் பிரிந்து வந்தது. சாப்பிட்டுவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, புகைபோக்கியின் வெல்டை ஒரு முறை தடவிப் பார்த்தார்.

அப்பா மாட்டுக்கறி சாப்பிட மாட்டார். அவருக்கென்று புகைபோக்கிப் பக்கத்து ஓரத்தில், மிளகும் உப்பும் மட்டும் தடவி ஓர் ஆட்டுத் தொடையை வைத்திருந்தோம். எலும்பைப் பிடித்துத் தூக்கியதும் கறி வழுக்கிக்கொண்டு தட்டில் விழுந்தது. இரண்டு வாய் தின்றார். பிறகு எழுந்து, தட்டோடு பெரியவரிடம் போய், அவர் பக்கம் நீட்டினார்.